வெள்ளிக்கிழமை ஆணிகள்

புந்தோங்கில் நான் இருக்கும் வீட்டுச் சுவர்களில் பத்தொன்பது ஆணிகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் அடிக்கவில்லை. பதினொன்று என் மூத்த மருமகன் அடித்தவை. ஆறு, வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அடித்தவை. மீதி இரண்டும் நாங்கள் குடிவந்தபோதே இருந்தவை. ஒரு காலண்டர் மாட்ட வேண்டும் என்றால்கூட நான் யாரையாவது கூப்பிட வேண்டும். என் கையில் கோளாறு எதுவும் இல்லை. பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கிறோம் என்று பெருமை பேசிய பள்ளியில் படித்தவன் நான். அங்கே தச்சுக் கிளப்பில் உறுப்பினனாகவும் இருந்தேன். இந்த வயதிலும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. எரியட்டும். அணைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசிப் பகுதி. மலாயாவில், ஈப்போ நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்தேன். சித்தப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தார். ஊர் ஓரத்துப் புந்தோங்கில் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தார்கள். அப்பா அங்கே மரம் வெட்டினார். மரம் வெட்டுவது என்றால் கோடரியால் சாய்ப்பது அல்ல. பால்மரத்தின் பட்டையை வளைந்த கத்தியால் மெல்லிசாகச் சீவிப் பாலை இறக்குவது. சீவல் கொஞ்சம் தடித்தால் கத்தி உள்ளே இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிடும். அப்பா சீவிப் போட்ட சீவலைச் சின்ன வயதில் நான் பொறுக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும்.

மரத்தைக் காயப்படுத்துகிறவனுக்குத் தோட்டத்தில் ஒரு தண்டனை உண்டு. கங்காணி அவனுடைய கத்தியை வாங்கிக்கொண்டு கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார். பிறகு அவன் புல் செதுக்க வேண்டும், வடிகால் வெட்ட வேண்டும். அதற்கு வெளிக்காட்டு வேலை என்று பெயர். வெளிக்காட்டுக்குப் போனவன் வீட்டில் ஒரு வாரத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் மண்வெட்டி வெறும் கருவி அல்ல. அது ஒரு தீர்ப்பு.

என்னைப் பள்ளியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது அப்பா சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்க. மரம் வெட்டுறவன் மரத்தக் கெடுத்தா மண்வெட்டி. நீ படிப்பக் கெடுத்தா உனக்கும் அதுதான். தோட்டத்துக்கு வந்து பெரட்டுல நிக்க வேண்டியதுதான்."

பெரட்டு என்பது விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணும் இடம். நான் தலையாட்டினேன். அதன் பிறகு படிப்பைக் கெடுக்காமல்தான் இருந்தேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். நான் நான்காவதுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

ஆறாம் வகுப்பில் இருக்கும்போது புதிதாக ஒரு வெள்ளைக்கார ஹெட்மாஸ்டர் வந்தார். புத்தகம் மட்டும் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது அவர் கொள்கை. வெள்ளிக்கிழமை மதியம் பாடம் கிடையாது, ஒவ்வொரு பையனும் ஒரு கிளப்பில் சேர்ந்து கைவேலை கற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கிளப்புகள் நான்கு: தச்சு, முதலுதவி, புத்தகம் கட்டுவது, காய்கறி போடுவது. எனக்குத் தச்சு வேண்டும். பள்ளிக்குப் பன்னிரண்டு புதுத் தச்சுமேசைகள் வந்திறங்கியதை நானே நின்று எண்ணியிருந்தேன். ஒரு மேசையில் வாத்தியார் இழைப்புளியை வைத்து ஒருமுறை இழுத்துக் காட்டினார். பலகையிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் எழுந்து வந்தது. நான் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன். விரல் தெரிந்தது.

யார் எந்தக் கிளப் என்று பிரிக்கும் பொறுப்பு எங்கள் வகுப்பு வாத்தியாருக்கு வந்தது. அவரும் தமிழர்தான். நல்ல ஆங்கிலம், சலவைக் கோட்டு, சீவி ஒட்டவைத்த தலைமுடி. அவர் யாரையும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவனையும் எழுப்பி, "உங்கப்பா என்ன வேலை?" என்று கேட்டார்.

"அப்பன் செய்றத மகன் செஞ்சா கை சீக்கிரம் படியும்" என்று அதற்கு விளக்கமும் சொன்னார்.

காயங்களுக்குக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மகன் முதலுதவி. குமாஸ்தா மகன் புத்தகம் கட்டுவது. ஈயம் தோண்டும் லம்பத்து முதலாளியின் மகன் தச்சு, ஏனென்றால் லம்பத்தில் பலகை வாய்க்கால் நிறைய இருக்கிறதாம். மளிகைக் கடைக்காரர் மகனும் தச்சு. கடைக்கும் தச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பையன்கள் ஏழு பேர். ஏழு பேரும் காய்கறி.

நான் எழுந்து நின்றேன்.

"சார், எங்கப்பா மரம் வெட்டுறவரு. மண்வெட்டி பிடிச்சதே இல்ல."

"மரம் எதுலடா நிக்குது?"

"மண்ணுல சார்."

"அப்புறம் என்ன. உக்காரு."

முப்பத்தேழு பேரும் சிரித்தார்கள். தோட்டத்துப் பையன்கள் மற்ற ஆறு பேரும் அதில் சேர்த்தி. அவர்கள் சிரித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பள்ளிக்குப் பின்னால் காய்கறி நிலம். ஏழு பேரோடு எட்டாவதாக ஒரு சீனப் பையனும் இருந்தான். அவன் அப்பா பழைய லம்பத்து மணலில் கீரை போட்டு விற்பவர். நாங்கள் ஆங்கிலமும் மலாயும் கலந்துதான் பேசிக்கொள்வோம்; அவன் பேச்சில் ஒரு 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் ஏழு பேரும் மண்வெட்டியை ஆளுக்கொரு விதமாகப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவன் சிரிப்புத் தாங்காமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எஸ்டேட்டுக்காரங்கதானே லா நீங்க? இதக்கூடப் பிடிக்கத் தெரியல?"

"எங்கப்பா மரம் வெட்டுறாரு" என்றேன்.

"எங்கப்பா காலையில இருந்து இருட்டுற வரைக்கும் கொத்துறாரு. சனி ஞாயிறு நானும் கொத்துறேன். வெள்ளிக்கிழமையாவது இது இல்லாம இருக்கலாம்னு பாத்தேன்."

அவன்தான் எங்களுக்குக் கொத்தக் கற்றுக்கொடுத்தான். வாத்தியார் நிழலில் நின்று பார்த்துவிட்டு, தோட்டத்துப் பையன்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது என்று இன்னொரு வாத்தியாரிடம் சொன்னார். என் உள்ளங்கையில் ஐந்து கொப்புளங்கள் இருந்தன. கத்திரிக்காய், பயற்றங்காய், கங்கோங் கீரை எல்லாம் நன்றாக வந்தன. முதல் பறிப்பில் அறுபத்து நான்கு கத்திரிக்காய்கள். அவை யார் யார் வீட்டுச் சமையலறைக்குப் போயின என்று நான் எழுதப்போவதில்லை. எங்கள் எட்டு வீட்டுக்கும் ஒரு காம்புகூட வரவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டில் நான் கிளப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்பா தோட்டத்தில் இருக்கிறார், எப்படித் தெரியப்போகிறது என்று இருந்தேன். பெற்றோர் எல்லாம் வந்து பிள்ளைகளின் கைவேலையைப் பார்க்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் ஒரு நாள் வைத்தார். சித்தப்பா அதைக் காம்பாருக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

அப்பா கல்யாணங்களுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தார். கூடத்தில் தச்சுப் பையன்கள் தங்கள் மேசைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். முதலுதவிக்காரர்கள் ஒருவன் தலைக்கு ஒருவன் கட்டுப் போட்டார்கள். அப்பா ஒவ்வொரு முகமாக என்னைத் தேடிக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார். நாங்கள் வெளியே வெயிலில், பாத்தி ஓரத்தில், மண்வெட்டியைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றோம். அப்படி நின்றால் பார்க்க அழகாக இருக்கும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார்.

அப்பா மூலை திரும்பியதும் நின்றுவிட்டார். முதலில் மண்வெட்டியைப் பார்த்தார். அப்புறம்தான் என்னை.

"என்னடா தப்பு பண்ணுன?"

"ஒன்னும் பண்ணலப்பா."

"பண்ணாமயா வெளிக்காட்டுக்கு அனுப்பிருக்காங்க?"

"இது கிளப்புப்பா. எல்லாருக்கும் ஒன்னு உண்டு."

"உள்ள பலகை சீவுறானுங்களே, அதுவும் கிளப்புதானா?"

"ஆமாப்பா."

"அப்ப அவனுங்க கையில ஏன் இது இல்ல?"

வாத்தியார் சொன்ன காரணத்தை அப்பாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"பேசாத. சாயந்திர ரயிலுக்கு எங்கூட வந்துரு. இங்க வந்து மண்ணு வெட்டவா இவ்வளவு தூரம் அனுப்புனேன். அதுக்கு அங்கயே ஆள் பத்தல."

அவ்வளவுதான், என் படிப்பு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ஹெட்மாஸ்டர் எங்கள் பக்கம் வந்தார். கூடவே வாத்தியார். அப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

"தொரை, இவன் என்ன தப்பு செஞ்சான்னு சொல்லணும். கணக்குல தப்பா, இங்கிலீஷ்ல தப்பா. சொன்னா நானே ரெண்டு குடுத்துத் திருத்துறேன். மண்வெட்டிய மட்டும் திரும்ப வாங்கிக்கிடுங்க."

ஹெட்மாஸ்டர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் ஆங்கிலத்தில், "இவர் மிகவும் சந்தோஷப்படுகிறார், ஐயா. தன் மகன் குடும்பத் தொழிலை மறக்காமல் இருப்பது பெருமையாக இருக்கிறதாம்" என்றார்.

ஹெட்மாஸ்டரின் முகம் மலர்ந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா என் பக்கம் திரும்பி மெதுவாக, "தொரை மன்னிச்சுட்டாருடா" என்றார். யாராவது வந்து என் தோளிலிருந்து மண்வெட்டியை எடுப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஹெட்மாஸ்டரிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன். ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஐயா, என் அப்பா அப்படிச் சொல்லவில்லை. அவர் சந்தோஷப்படவில்லை."

வாத்தியார் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "பையனுக்குத் தகப்பன் தொழில் என்றால் வெட்கம், ஐயா. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இது உண்டு."

இத்தனை வருடத்தில் எனக்கு எத்தனையோ பேர் கெடுதல் செய்திருக்கிறார்கள். பலரை மறந்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை மறக்கவில்லை. என் அப்பா சீவிய பட்டையை வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தவன் நான். எனக்கு அவர் தொழில் மேல் வெட்கமாம். தன் மொழி பேசும் ஒருவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் வாயில் இல்லாத வார்த்தையை எடுத்து வைக்கும் துணிச்சல் அந்த மனிதருக்கு எங்கிருந்து வந்தது? அப்பாவுக்குப் புரியாது என்ற நிச்சயத்திலிருந்து வந்தது. எனக்குப் புரிந்தது. அவர்தான் எனக்கு அந்த ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுத்தவர்.

"என்னடா சொல்றாரு வாத்தியாரு?" என்றார் அப்பா. ஹெட்மாஸ்டரின் கை இன்னும் அவர் கையில் இருந்தது.

"நீங்க இதப் பாத்து சந்தோஷப்படுறதா சொல்றாரு."

"நானா?"

அப்பா வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இன்னொரு கையையும் கொண்டுவந்து ஹெட்மாஸ்டரின் கை மேல் வைத்தார். இருபது வருடம் பால்கத்தி பிடித்த கை. ஹெட்மாஸ்டர் லேசாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லச் சொல்லு. அப்புறம் விடுறேன்" என்றார் என்னிடம். வாத்தியாரின் தாயாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்.

"என்ன வேண்டுமாம் இவருக்கு?" என்று ஹெட்மாஸ்டர் முதல்முறையாக என்னைக் கேட்டார்.

"நான் என்ன தவறு செய்தேன் என்று தெரிய வேண்டுமாம், ஐயா. எங்கள் தோட்டத்தில் மரத்தைக் கெடுத்தவனுக்குத்தான் மண்வெட்டி கொடுப்பார்கள்."

ஹெட்மாஸ்டர் என் தோளைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். "இவன் ஏதாவது செய்தானா?"

"இல்லை, ஐயா" என்றார் வாத்தியார்.

"உனக்கு எந்தக் கிளப் வேண்டும்?"

"தச்சு, ஐயா."

"அதில் போட்டுவிடுங்கள்."

நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா கையை விட்டார். ஹெட்மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டே அடுத்த பாத்திக்குப் போனார்.

சீனப் பையன் என் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். "அடுத்த வருஷம் உங்கப்பாவ எனக்கு வாடகைக்கு விடு லா" என்றான்.

ரயிலடிக்குப் போகும் வழியில் அப்பா கேட்டார்.

"நான் சொன்னத அப்படியே சொன்னியா?"

"சொன்னேன்பா. ஒன்ன மட்டும் விட்டுட்டேன்."

"எத?"

"வாத்தியாரோட அம்மாவப் பத்திச் சொன்னத."

"அது தொரைக்கு இல்லடா. வாத்தியாருக்கு. அவருக்குத்தான் தமிழ் தெரியுமே."

அப்பா சிரித்துக்கொண்டே ரயிலேறினார். தோட்டத்தில் போய் எல்லாரிடமும் மகன் தச்சு கற்கிறான் என்று சொல்லிவிட்டார்.

தச்சுக் கிளப்பும் அதே வாத்தியார் கையில்தான் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் உள்ளே போனபோது அவர் புன்னகையோடு வரவேற்றார்.

"பன்னெண்டு மேசை, பன்னெண்டு பையன். நீ பதிமூணாவது. உன்ன எங்க நிறுத்துறது?"

"தரையில உக்காந்து செய்றேன் சார்."

"தொரைகிட்ட இங்கிலீஷ் பேசுற ஆளு தரையில உக்காரலாமா. இந்தா, இதப் பாத்துக்க."

இரண்டு சிகரெட் டின்கள் நிறைய ஆணி. ஆரம்பிக்கும்போது பன்னிரண்டு பேருக்கும் எண்ணிக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் மிச்சத்தை எண்ணி வாங்கி, அடித்ததையும் வளைந்ததையும் சேர்த்துக் கணக்கு நேராக வர வேண்டும். ஒன்று குறைந்தால் நான் பொறுப்பு. மளிகைக்கடைக்காரர் மகனுக்கு இது பெரிய விளையாட்டாகப் போயிற்று. ஓர் ஆணியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எண்ணிக்கை சரியா இருக்கா மச்சான்? கீழ பாரு, மேசைக்கு அடியில பாரு" என்பான். நான் மரத்தூளில் முழங்காலிட்டுத் தேடுவேன். மணி அடிக்கும்போதுதான் அவன் அதை எடுத்து டின்னில் போடுவான். பன்னிரண்டு மேசைகளின் அடிப்பக்கத்தையும் எனக்கு நன்றாகத் தெரியும். மேல்பக்கத்தில் ஒருமுறைகூட என் கை படவில்லை. இழைப்புளியை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன் என்று பலமுறை கேட்டேன். "எண்ணி முடிச்சியா?" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில்.

ஹெட்மாஸ்டர் சில நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். நான் உள்ளே இருப்பது தெரியும். தலையசைத்துவிட்டுப் போவார். அவருடைய நியாயம் அத்தோடு முடிந்தது.

வருடக் கடைசி விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனேன். அப்பா எனக்காக ஒரு பலகை வாங்கி வைத்திருந்தார். தோட்டத்துத் தச்சரிடம் ரம்பமும் சுத்தியலும் இரவல் வாங்கியிருந்தார். அடுப்படியில் அம்மாவுக்கு ஒரு தட்டுப் பலகை வேண்டும், அதை நான் அடிக்க வேண்டும். லயத்து வாசலில் ஒன்பது பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

ரம்பத்தை வைத்து இழுத்தேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது. தச்சர் வந்து எடுத்துவிட்டார். இன்னொரு முறை சிக்கியது. அறுத்த ஓரம் கோணலாக வந்தது. ஆணியை வைத்து அடித்தேன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. ஐந்து ஆணிகளையும் வளைத்தேன்.

"ஆணிக்கெல்லாம் ஈப்போவுல போயி கூன் விழுந்துருச்சு போல" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சும்மா இருங்கண்ணே. டவுன் தச்சு வேற மாதிரி இருக்கும்" என்றார் தச்சர், எனக்குப் பரிந்து. அது இன்னும் மோசமாக இருந்தது.

எல்லாரும் கலைந்த பிறகு அப்பா வளைந்த ஆணிகளைப் பொறுக்கி என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இவ்வளவு நாளா அங்க என்னதான்டா செஞ்ச?"

"ஆணி எண்ணுனேன்பா."

எல்லாவற்றையும் சொன்னேன். பதின்மூன்றாவது என்றதை, சிகரெட் டின்களை, மரத்தூளை. சொல்லி முடித்தபோது இனி ஈப்போ இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் விடிவதற்கு முன் பெரட்டில் நிற்க வேண்டியதுதான். அப்பா வளைந்த ஆணி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மொத்தம் எத்தன ஆணி?"

"நானூத்தி முப்பத்திரெண்டு."

"கொறஞ்சிருக்கா?"

"ஒரு நாளும் கொறையல."

"பெரட்டுல நாங்க முன்னூறு பேரும் நிக்கிறோம். யாருடா உக்காந்திருக்கா?"

"கிராணி" என்றேன். தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை அவர்.

"அவன் என்ன செய்றான்?"

"ஆள எண்ணுறாரு."

"மத்தியானம் பால் எடுத்துட்டு வந்தா?"

"வாளிய எண்ணுறாரு."

"அவன் ஒரு மரம் வெட்டி நான் பாத்ததில்ல. ஒரு ஆணி அடிச்சும் பாத்ததில்ல. உங்க வாத்தியாரு உன்னக் கீழ தள்ளுறதா நெனச்சுக்கிட்டு நாற்காலி வேலைக்குப் பழக்கிவிட்டிருக்கான். அவனுக்கே தெரியல. நீ போ. போயி எண்ணு."

தச்சர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்; அப்பா கோடரியின் பின்பக்கத்தால் நான்கு ஆணி அடித்துப் பலகையை அவரே மாட்டினார். கோணலான ஓரம் சுவர்ப் பக்கம் போய்விட்டது. நான் ஈப்போவுக்குத் திரும்பினேன். படித்து முடித்தேன். கிராணியாகவே ஆனேன். முப்பத்து மூன்று வருடம் நாற்காலியில் உட்கார்ந்து மூட்டைகளையும் பீப்பாய்களையும் ஆட்களையும் எண்ணினேன். அப்பா சாகும் வரை அந்த வாத்தியாரை ஏமாற்றிவிட்டோம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் சிரித்ததில்லை. அப்பா என்னைப் பள்ளியில் வைத்திருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அது அவர் பெருந்தன்மை. வாத்தியார் செய்தது அதனால் நல்லதாகிவிடாது. எண்ண வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இன்றைக்கு வீட்டில் கரண்டியை எண்ணுகிறேன், படியில் கிடக்கும் செருப்பை எண்ணுகிறேன், கிழவருக்கு இது ஒரு வியாதி என்று மகள்கள் சிரிக்கிறார்கள். வியாதிதான். எங்கே பிடித்தது என்று சொல்லிவிட்டேன்.

அப்பன் செய்வதை மகன் செய்தால் கை சீக்கிரம் படியும் என்று அந்த மனிதர் முப்பத்தெட்டுப் பேர் முன்னால் சொன்னார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். என் அப்பா சீவுகிறவர். விரல் தெரியும்படி மெல்லிசாகச் சீவுகிறவர். வாத்தியார் சொன்ன நியாயப்படியே பார்த்தால், பன்னிரண்டு இழைப்புளிகளில் ஒன்று முதலில் என் கைக்கு வந்திருக்க வேண்டும்.